குடலிறக்கம்: முன்னாலிருந்து அடைப்பதா, பின்னாலிருந்து அடைப்பதா?

மாணவர்களே, செம்பனைக் குலை தூக்கும் ஒருவருக்குக் கவட்டையில் சிறு வீக்கம். படுத்தால் மறைகிறது, இருமினால் எழும்புகிறது. வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. இதுவே கவட்டைக் குடலிறக்கம். ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரலாம்.

விந்துக்குழாய் வயிற்றுச் சுவரைக் கடந்து செல்லும் இடம் இயல்பாகவே வலுக் குறைந்தது. பாரம் தூக்கும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. குடலின் ஒரு பகுதி அவ்விடத்தில் பிதுங்குகிறது. மருந்தால் ஓட்டை அடைபடாது. அறுவை சிகிச்சையே வழி.

திறந்த முறை: கவட்டையில் சுமார் 5 முதல் 8 செ.மீ. நீளம் வெட்டி, பிதுங்கியதை உள்ளே தள்ளுவார்கள். பிறகு பாலிபுரோபிலீன் வலையைத் தசைச்சுவரின் முன்புறம் வைத்துத் தைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் இதைச் செய்யலாம். முழு மயக்கம் ஆபத்தாகும் முதியவர்களுக்கு இது உதவும்.

துளைவழி முறை: 5 முதல் 10 மி.மீ. அளவில் பொதுவாக மூன்று துளைகள் இடுவார்கள். கரிவளி செலுத்தி உள்ளே இடம் உண்டாக்கி, கேமராவில் பார்த்தபடி வலையைச் சுவரின் பின்புறம் பரப்புவார்கள். கரிவளி தீப்பற்றாது, இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறும். அரிசி மூட்டையின் ஓட்டைக்கு உட்புறம் துணி வைத்தால், அரிசியே அதை அழுத்திப் பிடிக்கும் அல்லவா? அதுபோல் வயிற்றின் அழுத்தமே வலையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை.

எது சிறந்தது? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். துளைவழிக் குழுவுக்குத் தொடக்கத்தில் வலி குறைவு. ஆனால் ஈராண்டுகளில் குடலிறக்கம் மீண்டும் வந்தது துளைவழிக் குழுவில் 10.1 விழுக்காட்டினருக்கு, திறந்த முறையில் 4.9 விழுக்காட்டினருக்கே. எனினும், 250க்கு மேற்பட்ட துளைவழி சிகிச்சைகளைச் செய்திருந்த மருத்துவர்களிடம் இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது.

ஆக, கருவி மட்டும் போதாது. பயின்ற கையும் வேண்டும். கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய துளைவழி அறுவை நிபுணர் டாக்டர் சி. பழனிவேலு, இளமையில் நம் நாட்டுத் தோட்டத்தில் உழைத்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: வீக்கம் கடினமாகி, வலித்து, உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால், குடலுக்கு இரத்தம் தடைபட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வீக்கத்தை மறைத்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

சிந்திக்க: அந்த ஆய்வில் நோயாளிகளை ஏன் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்?