ஜெனரேட்டர் வாங்கப் போறியா தங்கச்சி? முதல்ல அது நிக்கிற இடத்தைப் பாரு

மழைக்காலம் வர்றதுக்குள்ள வீட்டுக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிடணும்னு நீயும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணியிருக்கறது சரியான காரியம். பேராவூரணி பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு இது ஆடம்பரம் இல்ல. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் கரையேறினப்போ டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் சாஞ்சுது. எத்தனையோ கிராமத்துல வாரக்கணக்கா இருட்டு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்த வாடகை ஜெனரேட்டர் தேடி ஊர் ஊரா அலைஞ்சாங்க. செல்போனுக்குச் சார்ஜ் போடறதுக்கே காசு குடுத்தாங்க. அதை நேர்ல பார்த்தவங்க யாரும் உன் முடிவைக் குறை சொல்ல மாட்டாங்க.

கடைக்குப் போனா, எத்தனை கே.வி.ஏ. வேணும்னுதான் முதல்ல கேப்பாங்க. நான் உன்கிட்ட முதல்ல கேக்கறது, அதை எங்க வெக்கப் போறன்னு. இதுக்குப் பதில் தெரியாம பணத்தைக் கட்டாதே.

இந்த மெஷின் விடற புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. புகை நாத்தமே வரலையேன்னு நம்பி உக்காந்திருக்கறப்பவே உடம்புக்குள்ள போயிடும். ரத்தத்துல ஆக்ஸிஜன் போய் ஒட்டிக்க வேண்டிய இடத்துல, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் தலைசுத்தல், குமட்டல், அசதி. மழை நாள்ல இதெல்லாம் வந்தா சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சு ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துடுவோம். அப்படிப் படுத்தவங்க தூக்கத்துலயே போயிடற அபாயம் இருக்கு. அமெரிக்காவுல மட்டும் இந்தக் கையில தூக்குற ஜெனரேட்டர் புகையால வருஷத்துக்குச் சுமார் 100 பேர் சாகறாங்க. புயல், பனின்னு கரண்ட் போற நாள்ல, வீட்டுக்குள்ளயோ கார் ஷெட்டுலயோ வெச்சு ஓட்டினதால நடக்கறதுதான் பெரும்பாலும்.

அதனால திண்ணையில வேண்டாம். போர்ட்டிகோவுல வேண்டாம். மாடிப்படிக்கு அடியில வேண்டாம். கதவைத் திறந்துதானே வெச்சிருக்கோம், ஃபேன் ஓடுதேன்னு யார் சொன்னாலும் கேக்காதே, அதெல்லாம் போதாது. வீட்டுலேருந்து 20 அடியாவது தள்ளி, வெட்டவெளியில நிக்கணும். புகைக்குழாய் உன் வீட்டுப் பக்கமும் பாக்கக் கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமும் பாக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊருக்கு வாடைக்காத்து வடகிழக்குலேருந்து வரும். வீட்டுக்குத் தென்மேற்குப் பக்கமா இடம் இருந்தா அதை எடுத்துக்கோ, புகை வெளிய போயிடும். புயல் கடந்த மறுநாள் காத்து திசை மாறியிருக்கலாம், அன்னிக்கு ஒரு தடவை வெளிய நின்னு பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணு. பேட்டரியில ஓடற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது. ஜெனரேட்டர் வாங்கற பட்ஜெட்டுலயே அதையும் சேர்த்து வாங்கி, உன் மாமியார் படுக்கிற ரூம்ல மாட்டு.

வெட்டவெளின்னா மழை? மெஷின்ல தண்ணி பட்டா ஷாக் அடிக்கும். நாலு பக்கமும் திறந்திருக்கற மாதிரி, மேல மட்டும் தகரம் போட்டு, கீழ செங்கல் வெச்சு ஒரு மேடை கட்டிடுங்க. தார்ப்பாயைப் போட்டு மூடிக்கிட்டு ஓட்டக் கூடாது, சூட்டுல அதுவே பத்திக்கும். தென்னை மரத்தடியில மேடை கட்டாதே, மட்டையும் காயும் விழும். புயல் அடிச்சுக்கிட்டு இருக்கறப்போ ஓட்டவே வேண்டாம். காத்து அடங்கினதுக்கு அப்புறம்தான் இதுக்கு வேலை.

வயரிங் விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா சொல்லப் போறேன்.

ரெண்டு முனையிலயும் பிளக் வெச்ச ஒரு வயரை நிறைய வீட்டுல பார்த்திருக்கேன். ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை வீட்டு பிளக் பாயிண்ட்ல. சொருகினா வீடு முழுக்க லைட் எரியும், செலவும் இல்ல. ஆனா அந்தக் கரண்ட் வீட்டோட நிக்காது. மெயினை ஆஃப் பண்ண மறந்துட்டா மீட்டர் வழியா வெளிய ஏறி, தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை இறக்கித்தான் நமக்கு 230 குடுக்குது. நம்ம பக்கத்துலேருந்து 230 போனா, அதையே திரும்ப 11,000 ஆக்கி மேல ஏத்தும். அந்த லைன்ல யார் இருப்பாங்க? சப்ளையை நிறுத்தியாச்சுன்னு நம்பி கம்பத்துல ஏறின லைன்மேன். கஜா சமயத்துல வெளி மாவட்டத்துலேருந்தும் கேரளத்துலேருந்தும் ஆட்கள் வந்து, வயல் சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அவங்களுக்கு நம்ம தெருவும் தெரியாது, நம்ம வீட்டு வயரும் தெரியாது. நம்ம வீட்டு ஃபேனுக்காக அவங்க உயிரைப் பணயம் வெக்க நமக்கு உரிமை இல்ல.

"நான் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுவேன்"னு மாப்பிள்ளை சொல்லுவார். அவர் மறக்க மாட்டார்னே வெச்சுக்குவோம். அவர் வெளிய போன நேரம் வேற யாராவது மெயினைத் தூக்கிவிட்டா? போதாததுக்கு, அந்த வயரோட ஒரு முனை கழண்டு விழுந்தா, பித்தளைக் கம்பி ரெண்டும் வெறுமனே கரண்டோட கிடக்கும். வீட்டுல குழந்தை தவழுது.

சரியான வழி ரெண்டு. ஒண்ணு, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினுக்குப் பக்கத்துல ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடறது. ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துத் துண்டிக்கிற ரெண்டு போல் சுவிட்சா இருக்கணும். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தா மின்வாரியக் கரண்ட், இன்னொரு பக்கம் இருந்தா ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒண்ணா சேரவே முடியாது, அதுதான் இதோட அழகு. எர்த் எப்படிக் குடுக்கணும், வீட்டுல இருக்கற, கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஜெனரேட்டர்ல ஓடறப்பவும் வேலை செய்யுமான்னும் அவரையே சோதிச்சுக் காட்டச் சொல்லு. இன்னொரு வழி, வீட்டு வயரிங்கைத் தொடாம, மெஷின்லேருந்து நேரா எக்ஸ்டென்ஷன் இழுத்து ஃபிரிட்ஜையும் ரெண்டு ஃபேனையும் மட்டும் ஓட்டறது. 20 அடிக்கு மேல இழுக்கப் போறோம்கறதால 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிள் போடு. டிரம்ல சுத்தி வர்ற கேபிளா இருந்தா முழுசா பிரிச்சுப் போடணும், சுத்தினபடியே லோடு குடுத்தா சூடேறி உருகும்.

இப்போ அளவுக்கு வருவோம். எல்.இ.டி. பல்பு ஒண்ணுக்கு 9 வாட். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன்னா 30 வாட் சுமாரு. ஃபிரிட்ஜ் ஓடறப்போ 150லேருந்து 200, ஆனா கம்ப்ரசர் கிளம்பற அந்த நொடியில அதைப்போல மூணு, நாலு மடங்கு இழுக்கும். டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து 100. கூட்டிப் பாரு, நாலு லைட், மூணு ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போட்டாலும் 600 வாட் சுத்திதான். இதுக்கு 2 கே.வி.ஏ. தாராளம். உங்க வீட்டுல கணக்கை மாத்தறது போர் மோட்டார்தான். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடறதுக்கே 1,000 வாட்டுக்கு மேல கேக்கும், கிளம்பறப்போ பல மடங்கு. அதை இழுக்கணும்னா 3 கே.வி.ஏ.வுக்குக் குறைஞ்சு வாங்காதே. அயர்ன் பாக்ஸ், கீஸர், இண்டக்ஷன் அடுப்பு, ஏ.சி. இதையெல்லாம் கரண்ட் வர்ற வரைக்கும் மறந்துடு.

பெட்டி மேல பெருசா போட்டிருக்கற நம்பரை நம்பாதே. அது சில நொடி தாங்கற உச்ச அளவா இருக்கும். தொடர்ந்து எவ்வளவு தரும்ங்கறது "ரேட்டட்"னு சின்ன எழுத்துல இருக்கும், அதுதான் உன் கணக்கு. லேப்டாப், புது டிவி மாதிரி நுணுக்கமான சாமான் அதிகம் ஓடும்னா இன்வெர்ட்டர் டைப் ஜெனரேட்டர் பாரு. விலை கூட, ஆனா கரண்ட் சீரா வரும், சத்தமும் கம்மி. சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டலாம்னு யாராவது கிட் கொண்டு வந்தா வேண்டாம்னு சொல்லிடு. வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், வேற எதுக்கும் சட்டத்துல இடமில்ல.

பெட்ரோல் செலவை முன்னாடியே தெரிஞ்சுக்கோ. 2 கே.வி.ஏ. மெஷின் பாதி லோடுல மணிக்கு முக்கால் லிட்டர்லேருந்து ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல விக்கறப்போ ஒரு யூனிட் கரண்ட் சாதாரணமா 50 ரூபாயைத் தாண்டிடும். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட்டை வாரியம் இலவசமா குடுக்கற வீட்டுல, இது எவ்வளவு பெரிய செலவுன்னு நீயே யோசிச்சுப் பாரு. அதனால நாள் முழுக்க ஓட்டாதே. காலையில ரெண்டரை மணி நேரம், சாயங்காலம் ரெண்டரை மணி நேரம். அந்த நேரத்துல முதல்ல மோட்டாரைத் தனியா ஓட்டி தொட்டியை நிரப்பு. அதை நிறுத்தினதும் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, போன், எமர்ஜென்சி லைட் எல்லாத்தையும் போடு. கதவைத் திறக்காம வெச்சா ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். உன் மாமியாரோட இன்சுலினை நடுத் தட்டுல வெச்சு, எடுக்கறதுக்குன்னு மட்டும் திற. பாலை அன்னன்னிக்கு வாங்கிக் காய்ச்சிடு, அதுக்காகக் குளிரைச் செலவழிக்க வேண்டாம்.

ராத்திரிக்கு ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியில அந்த அஞ்சு மணி நேரத்துல முழு சார்ஜ் ஏறாது, ஆனா படுக்கிற ரூம்ல பி.எல்.டி.சி. ஃபேன் ரெண்டு இருந்தா ராத்திரிக்குப் போதும். என்னைக் கேட்டா ஜெனரேட்டருக்கு முன்னாடியே அந்த ஃபேனை மாத்திடு. வீட்டு இன்வெர்ட்டர் சில சமயம் ஜெனரேட்டர் கரண்டை ஏத்துக்காம சும்மா இருக்கும். பின்னாடி இருக்கற சின்ன சுவிட்சை யு.பி.எஸ். மோடுலேருந்து நார்மல் மோடுக்கு மாத்திப் பாரு, பெரும்பாலும் சார்ஜ் ஏற ஆரம்பிச்சிடும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே பெட்ரோல் வாங்கி வெச்சுடணும். கரண்ட் இல்லன்னா பங்க்குலயும் பம்ப் ஓடாது, திறந்திருக்கற ஒண்ணு ரெண்டுல வரிசை நிக்கும். விக்கறதுக்கு இல்லாம சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வெச்சுக்கலாம், உங்க கணக்குல அது ஒரு வாரம் வரும். தண்ணி பாட்டில்ல வாங்காதே, பெட்ரோலுக்குன்னே இருக்கற இறுக்கமான மூடி போட்ட கேன்ல வாங்கு. சமையல்கட்டுலயும் பூஜை ரூம் பக்கத்துலயும் வெக்காதே, வீட்டுக்கு வெளிய நிழல்ல, பூட்டி வை. ஓடற மெஷின்ல பெட்ரோல் ஊத்தவே கூடாது. நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் ஊத்து. டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பாதே.

புது மெஷின் பெரும்பாலும் இன்ஜின் ஆயில் இல்லாமத்தான் பெட்டியில வரும். ஆயில் ஊத்தாம இழுத்தா அன்னிக்கே இன்ஜின் போச்சு. சமமான தரையில வெச்சு, கையேட்டுல சொன்ன ஆயிலை, சொன்ன அளவுக்கு ஊத்து. முதல் 20 மணி நேரம் ஓடினதும் அதை வடிச்சுட்டுப் புதுசு மாத்து. தூசி ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் சர்வீஸ்ல பாத்துக்குவாங்க. நீ செய்ய வேண்டியது, மாசத்துல ஒரு நாள் 20 நிமிஷம், ஃபேன், லைட்டு போட்டு லோடோட ஓட்டறது. முடிஞ்சதும் பெட்ரோல் வால்வை மூடிட்டு, தானா அணையற வரைக்கும் விடு. இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது, அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர்ல தங்கினா பிசின் மாதிரி படிஞ்சு, அவசரத்துக்கு எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் கிளம்பாது. ஸ்டார்ட் பண்ற முறையை மாப்பிள்ளை மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா போதாது. சோக்கைப் போட்டு, கயிறு இறுகற இடம் வரைக்கும் மெதுவா இழுத்து, அங்கேருந்து ஒரே வீச்சுல இழு, கிளம்பினதும் சோக்கை எடு. ரெண்டு நாள் பழகினா உனக்கும் வந்துடும்.

கடைசியா, கரண்ட் திரும்பி வந்தா எப்படித் தெரியும்? சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு முன்னாடி, வாரியக் கரண்ட் பக்கமா ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு போடச் சொல்லு, அது எரிஞ்சா வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே மாத்தாதே. முதல் கால் மணி நேரம் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், மறுபடியும் போகும். ஃபிரிட்ஜ், டிவி பிளக்கைப் பிடுங்கிட்டு, மெஷினை லோடு இல்லாம கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்து, அப்புறம் கைப்பிடியை மாத்தி ஒரு லைட்டைப் போட்டுப் பாரு. நிதானமா எரிஞ்சா ஒவ்வொண்ணா சொருகு. மெஷின் நல்லா ஆறினதும் டேங்குல, கேன்ல மிச்சம் இருக்கற பெட்ரோலை மாப்பிள்ளையோட பைக்குல ஊத்திடச் சொல்லு. அடுத்த மழை வரைக்கும் அதை வெச்சிருக்க வேண்டாம்.