கந்தகாமிலமும் வெண்ணிறப் பொடியும்

இரசாயனக் கைத்தொழிலுக்குக் கந்தகாமிலமே அடிப்படை. ஜெர்மனியில் 1865-ஆம் ஆண்டில் பிரெடரிக் எங்கெல்ஹார்ன் நிறுவிய பி.ஏ.எஸ்.எப். கம்பெனியின் வரலாறு இதற்குச் சான்றாகும். சாயத் தொழிலுக்கெனத் தோன்றிய இக்கம்பெனி செயற்கை அவுரி நீலம் செய்ய முற்பட்டபோது, நாப்தலீனை ஆக்ஸிகரணம் செய்யப் புகையும் கந்தகாமிலம் பேரளவில் வேண்டியிருந்தது. பழைய ஈய அறை முறையில் அத்துணைச் செறிவான அமிலம் கிட்டாது. ஆகவே ருடால்ப் க்னீட்ச் என்பவர், கந்தக டையாக்ஸைடு வாயுவைத் தூய்மையாக்கிக் காற்றுடன் கலந்து பிளாட்டினத்தின் மேல் செலுத்தும் தொடுமுறையைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். நாப்தலீனுடன் வினைப்பட்டபின் வெளியேறிய அவ்வாயுவும் திரும்பவும் அமிலமாக்கப்பட்டது. 1897-இல் அந்நீலம் விற்பனைக்கு வந்தது. அதன்பின் நம் நாட்டு அவுரிச் சாகுபடி விரைந்து சுருங்கிற்று.

அமிலத்தின் இன்றியமையாமையைத் திருவனந்தபுரத்திலும் காணலாம். கேரளக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்னும் கனிமம் மிகுதி. இதனை உள்நாட்டிலேயே பயன்படுத்தும் பொருட்டு, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் முயற்சியால் 1946-இல் திருவாங்கூர் டைட்டேனியம் கம்பெனி தோன்றியது. அதன் தொழிற்சாலை நகரையடுத்த கொச்சுவேளியில் அமைந்துள்ளது.

இங்குக் கையாளப்படுவது சல்பேட் முறையாகும். பொடித்த இல்மனைட்டைச் செறிந்த கந்தகாமிலத்துடன் வினைப்படுத்தினால், அதிலுள்ள இரும்பும் டைட்டேனியமும் சல்பேட்டுகளாகும். இரும்புச் சல்பேட்டைப் படிகமாகப் பிரித்தபின், எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் டைட்டேனியம் வெண்ணிறமாகப் படியும். அதனைச் சுட்டெடுத்த டைட்டேனியம் டையாக்ஸைடே வர்ணங்களுக்கும் காகிதத்துக்கும் வெண்மை தருவது.

சமன்பாட்டின்படி 152 பங்கு தூய இல்மனைட்டும் 196 பங்கு அமிலமும் சேர்ந்து 348 பங்காகும். இவற்றால் கிடைக்கும் வெண்பொடி 80 பங்கே. மீதியில் 152 பங்கு நீரற்ற இரும்புச் சல்பேட்; 98 பங்கு மீண்டும் அமிலம்; 18 பங்கு நீர். சரக்கைவிடக் கழிவு மும்மடங்குக்கும் மேல் என்பது இதனால் விளங்கும். இரும்புச் சல்பேட் நம்மவர் அறிந்த அன்னபேதியே. பயிரின் இரும்புக் குறையைப் போக்கவும் நீரைத் தெளிவிக்கவும் உதவும். அமிலமோ நீர்த்து மாசுற்றிருப்பதால் அதனைச் செறிவாக்க எரிபொருட் செலவு மிகும். வேளிக் கடற்கரையில் அமிலக் கழிவு விடப்பட்டமை அங்குள்ள மீனவரின் நெடுநாளைய முறையீடாகும்.

ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்வித்தல் நலம். களப்பணியாளர்கள், தொழிற்சாலை ஒன்றைக் காணுங்கால், அதன் சரக்கோடு கழிவின் அளவையும் அது சேருமிடத்தையும் கேட்டறிதல் வேண்டும். கழிவைப் பயனாக்கும் வகை அறிந்த தொழிலே நிலைத்து வளரும்.