கியாசனூர்க் காட்டு நோய்: மடிந்த குரங்கு தரும் எச்சரிக்கை

விலங்குகளைப் பற்றும் நோய்களுள் சில மனிதரையும் பற்றுவன. அத்தகைய நோய் பரவத் தொடங்கும்போது, அதன் முதல் அறிகுறி மருத்துவமனையில் தோன்றுவதற்கு முன்னரே காட்டிலோ தொழுவத்திலோ தோன்றக்கூடும். அதனை உரிய காலத்தில் கண்டுகொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கியாசனூர்க் காட்டு நோயின் வரலாறு தக்க சான்றாகும்.

நோய் வெளிப்பட்ட விதம்

1957-ஆம் ஆண்டின் முற்பகுதியில், அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தைச் சேர்ந்த சொரபா தாலுகாக் காடுகளில் குரங்குகள் மடிந்து கிடக்கக் காணப்பட்டன. அதே காலத்தில், காட்டை அடுத்த சிற்றூர்களில் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர், சிலர் இறந்தனர். குரங்கும் மனிதனும் ஒருசேர மடிவது மஞ்சட் காய்ச்சலை நினைவூட்டுவதாகும். கொசுவால் பரவும் அந்நோய் ஆசியக் கண்டத்தில் என்றும் கால்கொண்டதில்லை. ஆயினும் அதனைப் பரப்பவல்ல கொசு இந்திய நகரங்களில் மலிந்திருந்தமையால், அது நுழைந்துவிட்டதோ என்ற ஐயம் பெருங்கவலை விளைத்தது.

பூனாவில் 1952-இல் நிறுவப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் நோயுற்றோரின் இரத்தத்தையும் மடிந்த குரங்குகளின் உறுப்புக்களையும் சோதித்தனர். இரண்டிலும் ஒரே வைரஸ் கிடைத்தது. அது மஞ்சட் காய்ச்சல் வைரஸ் அன்று, ருஷ்ய நாட்டில் உண்ணிகளால் பரவும் மூளையழற்சி வைரஸுக்கு உறவானது, அதுவரை அறியப்படாதது. காட்டின் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. ஊர் மக்கள் அதனைக் கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்றனர்.

உண்ணியும் குரங்கும்

இந்நோயை முக்கியமாகப் பரப்புவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. இதன் வாழ்க்கையில் மூன்று பருவங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு விலங்கின் குருதியை உண்டு கீழே விழுகிறது. முதிர்ந்த உண்ணி பெரும்பாலும் மாடுகளை நாடும். மாடு இந்நோயால் துன்புறுவதில்லை எனினும், காட்டில் மேயும் மாடுகளால் உண்ணிகள் பெருகுகின்றன. இளம் பருவ உண்ணிகள் எலி முதலிய சிறு விலங்குகளையும், குரங்கையும், மனிதனையும் கடிக்கின்றன.

நோயுற்ற குரங்கின் குருதியில் வைரஸ் மிகுந்திருக்கும். குரங்கு மடிந்து உடல் குளிர்ந்தவுடன் உண்ணிகள் அதனை விட்டு நீங்கித் தரையிற் சேர்கின்றன. ஆதலின் குரங்கு மடிந்த இடமே ஆபத்து மிக்க இடமாகிறது. இளம் உண்ணிகள் மிகும் டிசம்பர் முதல் மே வரையுள்ள மாதங்களிலேதான் மக்களும் விறகுக்கும் தழைக்கும் காட்டினுள் மிகுதியாகச் செல்கின்றனர்.

உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களுக்குள் திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியன தோன்றும். சிலருக்குக் குருதிக் கசிவும் ஏற்படும். நோயுற்றோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கக்கூடும். இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. இதற்கெனத் தனி மருந்து இல்லை. 1990 முதல் கையாளப்பட்ட தடுப்பூசியும் போதிய பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, சிந்துதுர்க்கம் ஆகிய பகுதிகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

குரங்கு மடிந்த செய்தி கிட்டியவுடன் இடம், நாள், குரங்கின் இனம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, வனத் துறை ஆகிய மூன்றிற்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். வெறுங்கையால் உடலைத் தொடலாகாது. இடத்தைச் சுற்றிலும் 50 அடி வரை பூச்சிக்கொல்லித் தூள் தூவுவது வழக்கம். வெண்ணிறக் கம்பளித் துணியைத் தரைமீது இழுத்துச் சென்று, அதில் ஒட்டும் உண்ணிகளைச் சோதனைக்கு அனுப்பலாம்.

அடுத்து, அண்டைச் சிற்றூர்களில் வீடுதோறும் காய்ச்சலைப் பற்றி விசாரித்தல் வேண்டும். ‘கடந்த எட்டு நாட்களில் காட்டிற்குச் சென்றீர்களா?’ என்ற ஒரு வினா பல நேரங்களில் வழிகாட்டும். குரங்குகள் வேறு காரணங்களாலும் மடியும். ஆகவே ஆய்வுக்கூட முடிவின்றி உறுதி கூறலாகாது. அவ்வாறே, குரங்கு மடியாத ஊரில் நோய் இல்லை என்று கொள்வதும் தவறு.

ஆசிரியர் கவனத்திற்கு

காட்டோரப் பள்ளி மாணவரின் பெற்றோரிற் பலர் காட்டை நம்பி வாழ்பவர். ‘காட்டிற்குச் செல்லாதீர்’ என்பது அவர்களுக்குப் பயன்படாத அறிவுரை. உடலை மூடும் ஆடை அணிதல், உண்ணி விரட்டும் தைலம் பூசுதல், திரும்பியதும் வெந்நீரிற் குளித்து ஆடைகளைத் துவைத்தல், குரங்கு மடிந்த இடத்தை விலக்கிச் செல்லுதல் ஆகியவற்றையே கற்பிக்க வேண்டும். குரங்கைக் கொல்வது நோயைத் தடுக்காது என்பதையும் விளக்குதல் நலம். தானும் நோய்க்கு இரையாகி ஊருக்கு எச்சரிக்கை தருவது அவ்விலங்கு. அவ்வெச்சரிக்கையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் மாடு மேய்க்கும் சிறுவரும் விறகு பொறுக்கும் மகளிருமே. அவர்கள் கண்டதை அன்றே வந்து சொல்லப் பழக்குவது, காய்ச்சல் ஊரை அடையுமுன் சில நாட்களை ஈட்டித் தரும். அந்நாட்கள் உயிர் காக்கப் போதுமானவை.