கண்காட்சி மேசைக்குக் கொல்லைப்புறக் காய்களும் மலர்களும்

ராசா வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற காய்கறி, மலர்ப் போட்டியில் நடுவருக்கு உதவியாளராக நிற்கும் வாய்ப்பு ஒருமுறை இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. வெண்டைக்காய்ப் பிரிவில் வரிசையாகத் தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றைக் கண்டதும் எவருக்கும் கண் அங்கேயே நின்றுவிடும். அத்தனை பசுமை, அத்தனை நேர்த்தி, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே அளவு. நடுவர் குனிந்து எண்ணினார். ஆறு காய்கள் இருந்தன. போட்டி விதித்தாளிலோ, ‘வெண்டைக்காய், ஐந்து’ என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல், ‘விதிக்கு உட்படவில்லை’ என்று எழுதிய சிறு சீட்டை அந்தத் தட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

அத்தட்டுக்கு உரியவர், பால்மரம் சீவி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர். “ஒன்று கூடத்தானே வைத்தேன் ஐயா, குறைத்தா வைத்தேன்?” என்று அவர் கேட்டபோது எம்மால் விடை சொல்ல இயலவில்லை. காய் விற்றாலும், அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாலும், கொசுறாக ஒன்றைச் சேர்த்துப் போட்டே பழகிய கை அது. நம்மிடையே அது பெருந்தன்மை. கண்காட்சி மேசையிலோ அதுவே குற்றமாகிவிடுகிறது. அந்த மூதாட்டி அதன்பின் எந்தப் போட்டிக்கும் காய் கொண்டுவரவில்லை என்று பின்னர் அறிந்தோம். நன்றாக விளைவிக்கத் தெரிந்த ஒருவர், விதித்தாளை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமையால் தோற்றது இன்றளவும் உள்ளத்தை உறுத்துகிறது. இந்தப் பாடம் அத்தகையோரை எண்ணியே எழுதப்படுகிறது.

தோட்டத்து மக்களுக்குக் கொல்லைப் பயிர் புதிதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டுமென்று கூறியது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்தது எல்லா இடத்திலும் மண்ணில் இருந்ததெனச் சொல்வதற்கில்லை. ஆயினும் லயத்துக்குப் பின்புறம் கிடைத்த துண்டு நிலத்தில் முருங்கையும் கத்தரியும் கீரையும் வைத்தவர்களே, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது மரவள்ளியைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அதே 1923ஆம் ஆண்டில்தான் மலாயா வேளாண், தோட்டக்கலைக் கண்காட்சியும் கோலாலம்பூரில் முதன்முறையாக நடைபெற்றது. ‘மஹா’ என்னும் பெயரில் இன்று செர்டாங்கில் நடைபெறும் பெரிய கண்காட்சி அதன் வழிவந்ததே. தமிழ்நாட்டில் உதகமண்டலத்து அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதந்தோறும் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி உண்டு. அங்கெல்லாம் நடுவர்கள் பார்ப்பதும் தோட்டத்து மண்டபத்தில் நடுவர் பார்ப்பதும் அடிப்படையில் ஒன்றே.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

முதலில் எண்ணுகிறார். எண்ணிக்கை, வகை, காம்பு இருக்க வேண்டுமா, தட்டில் வைப்பதா, குவளையில் வைப்பதா ஆகிய விதிகளுள் ஒன்று தவறினாலும் மேற்கொண்டு பார்ப்பதில்லை. ஆகவே விதித்தாள் கைக்கு வந்த அன்றே, பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டாவது முழுவதும் வாசிக்கச் செய்து கேளுங்கள். தாள் மலாய் மொழியில் மட்டும் இருந்தால் ஐயமுள்ள இடத்தை ஏற்பாட்டாளரிடமே கேட்டுத் தெளிவு பெறலாம். முன்னதாகக் கேட்பதை எவரும் குறையாகக் கொள்ளமாட்டார்.

அடுத்து அவர் பார்ப்பது ஒப்புமை. இங்கேதான் நம்மவர் பலர் தவறுகின்றனர். நான்கு நல்ல கத்தரிக்காய்களோடு, எல்லாரும் வியக்கட்டும் என்று பெரிய காய் ஒன்றையும் சேர்த்து வைப்பார்கள். அந்தப் பெரிய காய் மற்ற நான்கையும் சிறியனவாகக் காட்டிவிடும். ஐந்தும் நடுத்தர அளவாய், ஒரே நிறமாய், ஒரே முதிர்ச்சியாய் இருப்பதே மேல். பெரிய காய்க்கென்று தனிப் பிரிவு இருந்தால் அது வேறு செய்தி. 2023இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1,247 கிலோ எடையுள்ள பூசணிக்காய் ஒன்றைப் பாரந்தூக்கியால் தூக்கி நிறுத்துப் பரிசளித்தார்கள். அதைக் கறி வைத்தால் சுவைக்குமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மற்றப் பிரிவுகளிலோ, சமைக்கத்தக்க பக்குவமே அளவுகோல்.

மூன்றாவது, பழுதின்மை. பூச்சி துளைத்த ஊசிமுனைப் புள்ளி, நகம் பட்ட கீறல், உடைந்த காம்பு எல்லாம் கணக்கில் வரும்.

நாள் கணக்கு

போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். வெண்டையும் நீளப் பயறும் விதைத்த ஏழு வாரங்களில் காய் தரத் தொடங்கும். புடலுக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகும். கத்தரிக்கு நாற்றுக் காலத்தையும் சேர்த்து மூன்று மாதமாவது வேண்டும். ஒரே நாளில் எல்லா விதையையும் ஊன்றிவிடாமல், ஒருவார இடைவெளியில் மூன்று தடவையாக ஊன்றினால் மழையோ வெயிலோ கணக்கைக் கெடுத்தாலும் ஒரு பாத்தியாவது சரியான நாளில் கைகொடுக்கும். ரோஜாவைக் கவாத்துச் செய்த ஆறு அல்லது ஏழு வாரத்தில் பூ எதிர்பார்க்கலாம்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கோலசிலாங்கூர்ப் பக்கம் கடலோரக் களிமண், நீர் தேங்கும். அங்கே பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்க வேண்டும். ராசா, பத்தாங் காலி பக்கத்து மேட்டு நிலத்தில் மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். மண்ணில் புளிப்பும் மிகுதி. சிறிது சுண்ணாம்பும் நன்கு மக்கிய சாணமும் அங்கே பயன் தரும். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டவர்கள் பழைய வாளிகளில் மிளகாயும் கத்தரியும் வளர்த்தே போட்டிக்குக் கொண்டுவரலாம். வாளியின் அடியில் துளையிட மறவாதீர்கள்.

காய்களை எடுக்கும் பக்குவம்

பால் வெட்டுக்கு ஏன் விடியுமுன் செல்கிறோம்? இரவில் இலை வழியே நீர் ஆவியாவது குறைகிறது. மரம் நீரால் நிறைந்து, பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கிறது. வெயில் ஏறினால் அழுத்தம் தளர்ந்து பால் குறைந்துவிடுகிறது. இதைத் தம் கைப்பழக்கத்தாலேயே அறிந்தவர்களுக்கு, காயையும் பூவையும் எப்போது பறிப்பது என்று தனியே கற்பிக்க வேண்டியதில்லை. வெண்டையும் கத்தரியும் அவ்வாறே விடியற்காலையில் நீர் நிறைந்து விறைப்பாக நிற்கின்றன. நண்பகலில் பறித்த காய், மறுநாள் மேசையில் துவண்டு கிடக்கும்.

வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கத்தக்கதாகும். போட்டிக்கு எடுத்த காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல், அதே நாளில் பூத்த வேறொரு காயை ஒடித்துப் பாருங்கள். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி, விரல் படாமல் ஈரத்துணியில் கிடத்துங்கள். அழுத்திய இடம் மறுநாள் கருத்துப்போகும்.

புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் நம் பாட்டிமார் வழக்கம் வெறும் சடங்கன்று. காய் சுருண்டுவிடாமல் நேராக நீள அது உதவுகிறது. நேரான காய்க்கே மேசையில் மதிப்பு. கல் கனமாக இருந்தால் பிஞ்சு அறுந்துவிடும். பாகற்பிஞ்சுக்குப் பழைய செய்தித்தாளில் உறை செய்து மாட்டினால் பழ ஈ முட்டையிடாமல் தப்பும்.

கத்தரிக்குக் காம்பும் அதன் பச்சைத் தொப்பியும் உயிர். தொப்பி வாடியிருந்தால் காய் எத்தனை நாள் பழையதென்று நடுவருக்குத் தெரிந்துவிடும். சிலர் பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதுண்டு. அது வேண்டா, நடுவரின் விரலில் எண்ணெய் ஒட்டியதும் புள்ளிகள் பறிபோகும். நீற்றுப்பூசணியின் மேலுள்ள வெண்ணீற்றை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டு வந்தவரையும் கண்டிருக்கிறோம். அந்த நீறே அக்காயின் அழகு. கைரேகைகூடப் படாமல் காம்பைப் பிடித்தே தூக்க வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கைப் போட்டி நாள் காலையில் தோண்டுவதே நல்லது. தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருங்கோடுகள் ஓடிவிடும். மண்ணைத் தேய்க்காமல் நீர் ஊற்றிக் கழுவுங்கள். கீரைக் கட்டை வேரோடு பிடுங்கி, வேர் மட்டும் நீரில் நிற்க வைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

மலர்கள்

ரோஜாவை அரைவிரிவில் வெட்டி, அடிக்காம்பை நீருக்குள் வைத்தே மறுபடியும் சாய்வாக நறுக்க வேண்டும். காற்றுக் குமிழி காம்புக்குள் புகுந்தால் நீர் ஏறாது. நீரில் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரவு முழுவதும் இருண்ட, குளிர்ந்த மூலையில் கழுத்தளவு நீரில் நிறுத்துங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனியும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சீனி பூவுக்கு உணவு; புளிப்பு, நீரில் கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்தும்.

வெட்டியதும் பால் வடியும் செடிகள் சில உண்டு. இவற்றின் இயல்பும் நம் தொழிலாளர்க்கு நன்கு தெரிந்ததே. சீவிய பட்டையில் பால் உறைந்து வெட்டுவாயை அடைப்பது போலவே, இக்காம்புகளிலும் பால் உறைந்து நீர் ஏறும் வழியை அடைத்துவிடும். வெட்டியவுடன் காம்பு நுனியைச் சில நொடிகள் மெழுகுவத்திச் சுடரில் காட்டினாலோ, வெந்நீரில் தோய்த்தாலோ பால் வடிவது நிற்கும். அரளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது நஞ்சு, ஆதலின் காய்கறித் தட்டின் அருகே அதை வைக்கவேண்டா. கையாண்டபின் கைகளைக் கழுவுங்கள்.

1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்திக்கு வேறு கணக்கு. அதன் வாழ்வு பெரும்பாலும் ஒரே நாள். நீர் இல்லாமலே அன்றைய பொழுது முழுவதும் விரிந்து நிற்கும். ஆகவே போட்டிக் காலையில் மலர்ந்ததைப் பறித்தால் போதும்; முதல்நாள் பூ பயன்படாது. மல்லிகைச் சரம் தொடுக்கும் பிரிவில் மொட்டுகள் மூடியிருக்கும்போதே தொடுத்து, வாழையிலையில் சுற்றி வையுங்கள். இந்தப் பிரிவில் மட்டும் நம் பெண்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. முடிச்சுகளின் இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்தாலும் மாறாது.

கொண்டுசெல்லும் வழி

பாதிப் பரிசுகள் மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் தொலைகின்றன. காய்களைத் தாள் விரித்த அட்டைப் பெட்டியில் ஒற்றை அடுக்காக அடுக்குங்கள். குவளைகளை மணல் நிரப்பிய வாளியில் பாதி புதைத்தால் சாயாது. விதி ஐந்து காய் கேட்டால் வீட்டிலிருந்து எட்டாவது எடுத்துச் செல்லுங்கள். வழியில் அடிபட்டதைக் கழித்துவிட்டு, மேசையில் ஐந்தை மட்டும் வையுங்கள். மீதி மூன்றும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

களைக்கொல்லி மருந்தோ, பால் உறையவைக்கும் ஆசிட்டோ இருந்த தகரத்தையும் பிளாஸ்டிக் கலனையும் எத்தனை முறை கழுவினாலும் காய்க்கோ பூவுக்கோ பயன்படுத்தக் கூடாது. பாரகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதன் பழைய கலன்கள் இன்னும் எங்கேனும் மூலையில் கிடக்கக்கூடும். பூச்சிமருந்து தெளித்த காயை, அம்மருந்துத் தாளில் குறித்த நாட்கள் கழியாமல் போட்டிக்கு எடுக்காதீர்கள். கண்காட்சி முடிந்ததும் அக்காய்கள் எவர் வீட்டு அடுப்புக்கேனும் போகும்.

இறுதியாக விதை. கொடியில் மிக நல்ல காய் எது என்று கண்டுகொண்டதும், அதில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டிவிடுங்கள். போட்டிக்கு அடுத்த தரத்துக் காய்களையே பறியுங்கள். பரிசு கைநழுவுமே என்று சிலர் தயங்குவர். முதல் தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வேறுபாடு வளர்த்தவர் கண்ணுக்கே புலப்படும், நடுவருக்குப் பெரும்பாலும் புலப்படாது. கயிறு கட்டிய வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் தறுவாய்க்கு வரட்டும். புடல் செந்நிறமாகப் பழுக்கட்டும். விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பலில் புரட்டி, ஈரமற்ற புட்டியில் அடைத்து, செடியின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். யாரிடமிருந்து முதலில் கிடைத்த விதை அது என்று தெரிந்தால் அவர் பெயரையும் அதில் எழுதிவிடுங்கள்.