நேற்றைய தவறும் இன்றைய சாதனையும்

செய்த தவறுக்கு வருந்துவது சாதகனுக்குத் தேவையே. ஆனால் அவ்வருத்தத்திலேயே தங்கிவிடுபவன் முன்னேறுவதில்லை. கடந்த காலத்தை அழிக்க யாராலும் இயலாது. அதனோடு நமக்குள்ள உறவை அன்றாட சாதனையால் மாற்ற இயலும்.

வங்க நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் (1844-1912) வாழ்வு இதற்குச் சான்று. குடிப்பழக்கத்திற்கு ஆளாகியிருந்த அவர், தாம் இனிச் செய்ய வேண்டியது யாது என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரிடம் கேட்டார். காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு குருதேவர் கூறினார். சொன்ன சொல்லைக் காக்க இயலாமற் போகுமோ என்று அஞ்சி, கிரீஷ் மௌனமாக இருந்தார். உண்ணும் முன்பும் உறங்கும் முன்பும் நினைத்தால் போதும் என்றபோதும் அவர் உறுதியளிக்கவில்லை. இறுதியில் தம் முழுப் பொறுப்பையும் குருதேவரிடமே ஒப்படைத்தார்.

சுமை நீங்கியது என்று எண்ணியவருக்குப் பின்னரே உண்மை விளங்கியது. 'நான் செய்வேன்' என்று சொல்லும் உரிமையும் இனி அவருக்கு இல்லை. ஒவ்வொரு செயலிலும் குருதேவரை நினைக்க வேண்டியதாயிற்று. இருவேளை நினைவுக்கு அஞ்சியவர் இடையறாத நினைவில் வாழலானார்.

நாடகத்தைக் கைவிடுமாறு குருதேவர் கூறவில்லை. பழைய திறமையே இறைபணியாக மலர்ந்தது. கிரீஷும் தம் கடந்த காலத்தை மறைக்கவில்லை. குருவருளின் பெருமைக்கு அதையே சான்றாகக் காட்டினார்.

நேற்றைத் திருத்த நமக்கு வழியில்லை. இன்று குறித்த வேளையில் அமர்ந்து இறைநாமம் சொல்ல வழியுண்டு. ஒருநாள் தவறினால் மறுநாள் மீண்டும் அமர்வோம். நாளடைவில் பழைய புண் ஆறும். எஞ்சும் வடு நமக்குப் பணிவைக் கற்பிக்கும்.