‘மேலிடத்துக் கொள்கை’ என்றால் எந்த மேலிடம்?

கேள்வி: ஐயா, ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு தாமானில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எல்லாம் தரை வீடுகள். பின்பக்கம் செம்பனைத் தோட்டம் இருந்தது. இப்போது மரங்களை வெட்டிவிட்டு, கட்டுப்படி விலை அடுக்குமாடி வரப்போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். அடை மழை பெய்தால் இப்போதே எங்கள் வரிசையில் கால்வாய் நிரம்பி வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வருகிறது. நகராண்மைக் கழகத்தில் போய்க் கேட்டால், “இது தேசிய வீடமைப்புக் கொள்கை, எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்கிறார்கள். கவுன்சிலரும் அதையேதான் சொல்கிறார். புத்ராஜெயா சொன்னால் இவர்கள் தலையாட்டித்தான் ஆக வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுமதி கொடுக்க முடியுமா?
— ஒரு வாசகி, ஜொகூர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கசப்பானது. முடியும். சட்டத்தை மீறாமலே முடியும். முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. புத்ராஜெயா சொன்னதற்காக எந்த ஊராட்சி மன்றமும் ஒரு வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி தர வேண்டிய கட்டாயம் நம் நாட்டில் கிடையாது. அவர்களுடைய கை கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் கயிறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அது மாநில நிர்வாக மையமான கோத்தா இஸ்கந்தரிலிருந்துதான் வரும்.

கூட்டரசு அரசமைப்பின் 9-ஆம் அட்டவணையில் நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. நகர, கிராமத் திட்டமிடலும் வீடமைப்பும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே வீடமைப்பு அமைச்சு கொள்கை எழுதலாம், இலக்கு வைக்கலாம், பணம் ஒதுக்கலாம். ஒரு துண்டு நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் அதனிடம் இல்லை. 2018 முதல் 2025 வரைக்கான தேசிய வீடமைப்புக் கொள்கையும், 2019-இல் வந்த தேசியக் கட்டுப்படி விலை வீடமைப்புக் கொள்கையும் அப்படிப்பட்ட ஆவணங்கள்தான். பின்னதில்தான் 3,00,000 ரிங்கிட் என்ற உச்ச விலை வந்தது. இரண்டுமே சட்டங்கள் அல்ல. ஒரு மன்றம் அவற்றைப் பின்பற்றவில்லை என்று யாரும் அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 2024 டிசம்பரில் மத்திய அரசு வீட்டு எண்ணிக்கை இலக்குகளை மறுபடி கட்டாயமாக்கியது. உள்ளூர் மன்றம் ஒரு திட்டத்தை நிராகரித்தால், மேம்பாட்டாளர் மேல்முறையீடு செய்வார்; மத்திய அரசின் ஆய்வாளர் வந்து மன்றத்தின் முடிவைத் தூக்கிப்போட்டுவிடலாம். நம் திட்டமிடல் சட்டம் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் அந்த ஆய்வாளர் மட்டும் இங்கே வந்து சேரவில்லை. நிலம் மாநிலங்களுக்கு உரியது என்ற ஏற்பாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் தேசியக் கொள்கை உங்கள் கழகத்தின் மேசைக்கு எப்படி வருகிறது? 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, மூன்று படிகளை வைத்திருக்கிறது. உச்சியில் தேசிய நிலவமைப்புத் திட்டம். பிரதமர் தலைமையிலான தேசிய மன்றம் அதை ஏற்கிறது. நடுவில் மாநில அமைப்புத் திட்டம். மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழுவின் கையில் அது இருக்கிறது. கீழே ‘ரஞ்சாங்கான் தெம்பாதான்’ என்று எல்லோரும் சொல்லும் உள்ளூர்த் திட்டம். எந்த மனை குடியிருப்பு, எது வணிகம், ஏக்கருக்கு எத்தனை வீடு என்பதெல்லாம் இந்தக் கடைசித் திட்டத்தில்தான் இருக்கும்.

உங்கள் வழக்கின் உயிர் சட்டம் 172-இன் 22-ஆவது பிரிவில் இருக்கிறது. மேம்பாட்டுத் திட்டத்தின் எந்த விதிக்கும் மாறான ஒன்றுக்கு மன்றம் அனுமதி தரக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ‘மேம்பாட்டுத் திட்டம்’ என்று சட்டம் சொல்வது உள்ளூர்த் திட்டத்தை. அது இல்லாத இடத்தில் மாநில அமைப்புத் திட்டத்தை. தேசியத் திட்டம் அந்த விளக்கத்தில் இல்லை. மாநிலத் திட்டமிடல் குழு கொடுக்கும் உத்தரவு வேறு விஷயம், அதை மன்றம் நிறைவேற்றியே தீர வேண்டும். ஆகவே “எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் உங்கள் கையைக் கட்டுகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உள்ளூர்த் திட்டமாக இருந்தால் மன்றமே எழுதியது. குழுவின் உத்தரவாக இருந்தால் மாநிலம் எழுதியது. இரண்டுக்கும் புத்ராஜெயா பொறுப்பாளி அல்ல.

விதிவிலக்கு உண்டு. 10,000 பேருக்கு மேல் குடியேறும் அல்லது 100 ஹெக்டேருக்கு மேல் பரவும் புதிய நகரியம் என்றால், மாநிலக் குழு தேசிய மன்றத்தின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். கடலைத் தூர்ப்பதற்கும் 2017-இல் வந்த திருத்தம் அதே கடமையை வைத்தது. கேலாங் பாத்தாவுக்கு எதிரே கடலைத் தூர்த்து எழுந்த ஃபாரஸ்ட் சிட்டியைப் பார்த்த ஜொகூர்க்காரர்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பது ஆலோசனையைத்தான். உங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் துண்டு நிலத்துக்கு அது கூடத் தேவைப்படாது.

இனி ‘கட்டுப்படி விலை’ என்ற சொல்லுக்கு வருவோம். பெரிய வீட்டுத் திட்டங்களில் 40 விழுக்காடு கட்டுப்படி விலை வீடுகளாக இருக்க வேண்டும் என்று கேட்டது ஜொகூர் மாநில அரசு. 42,000 ரிங்கிட், 80,000 ரிங்கிட், 1,50,000 ரிங்கிட் என்று படிப்படியாக விலை வகுத்ததும் அதுதான். 42,000 ரிங்கிட்டுக்கு இன்று ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியாது என்பது கொத்தனாருக்கே தெரியும். குறைகிற பணத்தை மேம்பாட்டாளர் எங்கே எடுப்பார்? மீதி 60 விழுக்காட்டின் விலையில் கொஞ்சம் ஏற்றுவார். அதுவும் போதாதபோது மன்றத்திடம் வந்து, “அடர்த்தியை உயர்த்திக் கொடுங்கள், நான்கு மாடியைப் பதினான்கு மாடியாக்கிக் கொள்கிறேன்” என்பார். கொள்கை தரை வீட்டுக்காரர்களின் வாழ்க்கைக்குள் நுழையும் இடம் இதுதான். காகிதத்தில் அது ஏழைக்கு வீடு. களத்தில் அது அடர்த்தி பற்றிய பேரம்.

பேரத்தில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. தோட்ட நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது கட்டும் பிரீமியம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. மன்றத்துக்குக் கிடைப்பது மேம்பாட்டுக் கட்டணமும், பிறகு ஆண்டுதோறும் வரும் மதிப்பீட்டு வரியும். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்.டி.எஸ். ரயில் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கப் போகிறது. இந்த நேரத்தில் நிலத்தைச் சும்மா வைத்திருக்க யாருக்கும் மனம் வராது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: விற்காமல் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கையில் இதே ஜொகூர் சில ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கட்டியவற்றில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர் சம்பளத்துக்கு எட்டாத சர்வீஸ் அபார்ட்மெண்ட்கள்.

உங்களைக் கேட்காமல் எப்படி அனுமதி தரலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டம் 172-இன் 21(6) பிரிவு, பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தரச் சொல்கிறது. ஆனால் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான் அது. உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டால், அதன் வரைவு காட்சிக்கு வைக்கப்பட்டபோதே உங்கள் கருத்தைக் கேட்டாகிவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஜொகூர் பாரு, கூலாய் இரு மாவட்டங்களுக்கும் 2025 வரைக்கான உள்ளூர்த் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் வரைவு காட்சிக்கு இருந்தபோது உங்கள் தாமானிலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. கோவில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு கூட அந்தக் கூடத்துக்குப் போவதில்லை என்பது நம் வழக்கம். 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தியதிலிருந்து கவுன்சிலர்கள் மாநில அரசின் நியமனம்தான். ஓட்டுக் கேட்டு வர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, வீடு தேடி வந்து சொல்ல வேண்டிய அவசரமும் இல்லை.

இன்னொரு விளைவும் உண்டு. 21(6)-இன்படி ஆட்சேபம் சொன்ன பக்கத்து நிலக்காரர் மட்டுமே, விண்ணப்பதாரரைப் போல, மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகலாம். உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு; முடிவு வெளியான மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

அந்த வழியில் வென்றவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் உயரமான அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் கொடுத்த அனுமதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது; 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அமைப்புத் திட்டத்திலிருந்து விலகும் அதிகாரி ஏன் விலகுகிறார் என்று காரணம் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது கூட்டரசுப் பிரதேசத்துக்கான தனிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, ஜொகூருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மன்றங்களின் வழக்கறிஞர்கள் அதைக் கவனமாகப் படித்திருப்பார்கள்.

அந்த வழக்கில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே திட்டத்தில் ஒரு கட்டடம் கட்டுப்படி விலை வீடுகளுக்கானது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 1980-களின் தொடக்கத்திலிருந்து நீள வீடுகளில் காத்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு. அவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். பூங்கா பிழைத்தது, அவர்களுடைய காத்திருப்போ தீர்ப்பால் முடியவில்லை. அதனால் உங்கள் ஆட்சேபத்தை எழுதும் முன் யோசியுங்கள்: எதிர்ப்பது தண்ணீரையா, வரப்போகிற மனிதர்களையா? “ஃபிளாட் ஆட்கள் வந்தால் வீட்டு விலை இறங்கும்” என்று எழுதினால் திட்ட அதிகாரி அதைப் படித்துவிட்டு ஓரமாக வைப்பார், வைப்பதும் சரி. திருமணமானதும் வாடகை வீடு தேடி அலையும் உங்கள் பிள்ளைகளுக்கே நாளை அந்த அடுக்குமாடியில் ஓர் அலகு தேவைப்படலாம். கால்வாயின் அகலம், மழைநீர்த் தேக்கக் குளம், ஒரே ஒரு நுழைவுச் சாலை, பள்ளியில் இடம் — இவை எடுபடும்.

செய்ய வேண்டியது இதுதான். பிளான் மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் அந்த நிலத்தின் பயன்பாட்டு வகையைப் பாருங்கள். பிறகு கழகத்தின் திட்டமிடல் துறைக்குப் போய் உள்ளூர்த் திட்டத்தில் அதற்கு அனுமதித்த அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். பலகையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் நீங்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய நாள் அன்றுதான். இல்லையென்றால் வடிகாலுக்கும் சாலைக்கும் நிபந்தனை போடச் சொல்லிப் போராடுங்கள். மன்றம் தன் அதிகாரத்தில் முழுமையாகச் செய்யக்கூடியது அது. அதற்கு யாருடைய கொள்கையும் குறுக்கே நிற்காது. அனுமதி ஏற்கெனவே கொடுத்திருந்தால் தேதியைக் கேளுங்கள்: 12 மாதத்துக்குள் வேலை தொடங்காமலும் காலத்தை நீட்டாமலும் இருந்தால் அனுமதி காலாவதியாகிவிடும்.

2025 வரைக்கான திட்டத்துக்குப் பதிலான புதிய உள்ளூர்த் திட்டத்தின் வரைவு காட்சிக்கு வந்துவிட்டதா, இல்லையென்றால் எப்போது வரும் என்பதையும் அன்றே விசாரித்து வையுங்கள். ஆட்சேபத்தைத் தேசிய மொழியில் எழுதி, குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் கையெழுத்திட்டு, நகல்களைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் வீடமைப்புக்கான மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.