உன் பொறுப்பில் விட்ட பெண்கள்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியின் கிறிஸ்தவ மாணவியர் ஐக்கியத்தில் முதலாண்டுப் பெண்கள் மூவரை உன்னிடம் ஒப்புவித்து, படிப்பிலும் பக்தியிலும் அவர்களுக்கு அக்காவாக இருக்கும்படி சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் செய்தியில் பெருமிதம் பாதியும் பயம் பாதியுமாகக் கலந்திருக்கக் கண்டேன். பயம் இருக்கட்டும், பெருமிதத்தை மட்டும் சிறிது காலம் பெட்டியில் பூட்டி வை.

நீ படிக்கும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-ஆம் ஆண்டில் 41 மாணவியரோடு ஆரம்பமானபோது, அந்தப் பெண்களுக்கு வழிகாட்ட மேல்வகுப்பு அக்காமார் ஒருவருமில்லை. முதல் முதல்வரான எலினர் மக்டூகல் அம்மையாரும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியைகளுமே அவர்களுக்குத் துணை. இன்று உனக்கு இயல்பாய்த் தோன்றும் விடுதி வழக்கங்களெல்லாம் யாரோ சில பெண்கள் முன்மாதிரியின்றித் தாமே தட்டுத்தடுமாறி உண்டாக்கிக்கொண்டவை என்பதை நினைவில் வை.

இதைவிடக் கடுமையான தனிமையை அனுபவித்தவர் எங்கள் ஊரில் இருந்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் இங்கு அக்காலத்தில் மகாராஜா கல்லூரி எனப்பட்ட கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் மறுக்கப்பட்டு, சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, பின்பு இலண்டன் சென்று வைத்தியம் கற்று, 1916-இல் திரும்பிவந்து தைக்காட்டு ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையாரைச் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அக்காலத்து ஜனங்கள் பிரசவத்திற்கு ஆஸ்பத்திரி வர அஞ்சினார்கள். மருத்துவச்சிகளோ தங்கள் பிழைப்பு போய்விடுமென்று அஞ்சினார்கள். அம்மையார் இரு சாராரையும் கடிந்துகொள்ளவில்லை. தம்முடைய தலைப்பிரசவத்தை அந்த ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டதோடு, மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பிரசவப் பயிற்சியும் கொடுத்தார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்ததை எல்லோரும் புகழ்ந்து பேசுகிறார்கள். எனக்கோ அந்த மருத்துவச்சிகளின் பிள்ளைகளே பெரிதாகத் தோன்றுகிறார்கள். அவர்களைத் தம்மைப்போல இலண்டன் டாக்டர்களாக்க முயலாமல், அவர்கள் தாய்மார் செய்துவந்த தொழிலையே செம்மையாகச் செய்யக் கற்பித்தாரல்லவா?

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு பெண் தன் வீட்டுக் கஷ்டத்தையோ, தகப்பனாரின் குடியையோ, மனத்தில் முளைத்த காதலையோ அழுதுகொண்டே சொல்வாள். அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், “நம் சகோதரி ஒருத்திக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்” என்று நீ தொடங்கினால், பெயரைச் சொல்லாவிட்டாலும் இரவுச் சாப்பாட்டுக்குள் விடுதி முழுவதும் அறிந்துவிடும். வம்பு பேசக் கூசும் நல்ல பெண்களும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிறர் அந்தரங்கத்தைக் கூசாமல் பங்கிட்டுக்கொள்வதை நான் அறிந்த ஐக்கியங்களில் பலமுறை கண்டிருக்கிறேன். நம்மவரிடையே இதைவிடப் பக்திவேஷம் தரித்த பாவம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். உன்னிடம் சொன்னதை நீ தனிமையில் ஜெபி. அவள் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து நேருமென்று தோன்றினால் மட்டும், அவளிடம் சொல்லிவிட்டே, விடுதிப் பொறுப்பாளர் அம்மாவிடம் போ.

மற்றொன்று. கர்ப்பவதியான மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்றது வயதில் மூத்த எலிசபெத்தின் வீட்டுக்குத்தான். மூத்தவள் தன் அனுபவத்தைப் பேசுமுன் இளையவளைக் கனப்படுத்தினாள்; மூன்று மாதமளவில் இளையவள் தன் வீட்டுக்குத் திரும்பியபோது, மூத்தவள் அவளைப் பிடித்துவைத்துக்கொண்டதாக லூக்கா தம் சுவிசேஷத்தில் எழுதவில்லை. உன் தங்கைமாரில் ஒருத்தி நாளை உன்னைவிட நன்றாகப் பாடலாம், வேறு ஸ்நேகிதியிடம் மனம்விட்டுப் பேசலாம், ஐக்கியத்திற்கே வராமற்போகலாம். அப்பொழுதும் நடைபாதையில் கண்டால் முகம் கோணாமல் பேசு.

உன் மூவரில் அந்த இரணியல் பக்கத்துப் பெண், ஆங்கில விரிவுரை விளங்காததால் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்கிறாளாமே? அவளுக்கு உபதேசமோ, வேத வாக்கியமோ இப்போது வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தோடு கூட உட்கார்ந்து, புரியாத இடத்தைத் தமிழில் அவள் வாயாலேயே சொல்ல வை. ஒரு பருவம் இப்படிச் செய்த பின்பும் போகத்தான் வேண்டுமென்றால், முதல்வரிடம் அவளே பேசட்டும்; நீ உடன் நின்றால் போதும்.

அவளிடம் நல்ல ஆங்கில-தமிழ் அகராதி இல்லையென்று எழுதியிருந்தாய். பணம் அனுப்பியிருக்கிறேன். வாங்கி ஐக்கியத்தின் புத்தக அலமாரியில் வைத்துவிடு. இன்னார் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா